டீச்சருக்கு வந்த கடிதங்கள்: மிஷனெரி ஊழியத்துக்குப் பெண்களை ஆயத்தப்படுத்திய ஒரு வீடு – நிகழ்வு ஆய்வு

பாளையங்கோட்டையில், ஊசிக் கோபுரம் என்று சொல்லப்படும் பேராலயத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை ஒருவரின் வீடு இருக்கிறது. வடநாட்டுப் பணித்தளங்களுக்கு மிஷனெரியாகப் போக விரும்பும் பெண்பிள்ளைகள், எந்த மிஷனெரி ஸ்தாபனத்திலும் சேரும் முன் அந்த வீட்டில் ஒரு வருஷம் போலப் பழகிவிட்டுப் போவது எங்கள் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. யாரும் திட்டம் போட்டுத் தொடங்கவில்லை. பெயர்ப்பலகை கிடையாது, சான்றிதழ் கிடையாது. சிலர் சனிக்கிழமை சாயங்காலம் வந்து ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போவார்கள். சிலர் அங்கேயே தங்கி, வேலைக்கும் போய் வருவார்கள். எல்லாருக்கும் அவர் ‘டீச்சர்’.

வயதாகிவிட்டது, மகனோடு சென்னைக்குப் போகிறார் என்று தெரிந்ததும் எங்கள் சேகரத்து (பல சபைகள் சேர்ந்த வட்டாரம்) பெண்கள் ஐக்கிய சங்கம் ஒரு ஸ்தோத்திரக் கூட்டம் வைக்கத் தீர்மானித்தது. அந்த வீட்டிலிருந்து போனவர்களிடம் நாலு வரி எழுதி அனுப்பச் சொன்னோம். நாலு பக்கம் எழுதினவர்கள் உண்டு; எழுதச் சோம்பல்பட்டு வாட்ஸ்அப்பில் பேசியே அனுப்பினவர்களும் உண்டு. தொகுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. படிக்கப் படிக்க ஒன்று தெரிந்தது. பாராட்டுப் பத்திரங்களில் நாம் வழக்கமாகப் போடுகிற ‘ஜெபவீராங்கனை’, ‘தாயினும் மேலானவர்’ எல்லாம் எந்தக் கடிதத்திலும் இல்லை. கணக்கு நோட்டுக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். காய்ச்சல் பற்றிச் சொல்லிக்கொடுத்ததற்கு நன்றி. “இப்ப போகாதே” என்று தடுத்ததற்கு நன்றி. திரும்பி வந்தபோது ஒன்றும் கேட்காமல் இருந்ததற்கு நன்றி. பெண்களை ஊழியத்துக்கு ஆயத்தப்படுத்துவது என்றால் என்ன என்பதை இந்த நன்றிகளை வைத்துப் பார்த்தால்தான் விளங்கும் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன். மூன்று பேரின் கதையை அவர்கள் சம்மதத்தோடு சொல்கிறேன். ஊர்களை மாற்றியிருக்கிறேன்.

இந்த மண்ணில் இது புதிதல்ல

திருநெல்வேலிச் சபையின் கதையே ஒரு பெண்ணிடமிருந்து தொடங்குகிறது. குளோரிந்தாள் 1778-இல் ஜெர்மானிய மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் (போதகரை எங்கள் பக்கத்தில் ஐயர் என்போம்) கையால் ஞானஸ்நானம் பெற்றார். 1785-இல் பாளையங்கோட்டையில் அவர் முயற்சியால் ஒரு சிற்றாலயம் எழும்பியது. அதன் பிறகு வந்த பெண்களில் நம் நினைவில் நிற்பவர்கள் பெரும்பாலும் ‘போனவர்கள்’ அல்லது ‘வந்தவர்கள்’. அவர்களைப் பக்கத்தில் உட்கார்த்தி ஆளாக்கியவர்கள் பதிவேட்டில் அதிகம் இல்லை. போகாமலும் வராமலும் நினைவில் நிற்கிற சாரா டக்கர் ஒரு விசித்திரமான விதிவிலக்கு. உடல்நலமில்லாத அந்த ஆங்கிலப் பெண் இந்தியாவை ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனாலும் அவர் பெயரில் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியே நிற்கிறது.

அயர்லாந்து மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மாவின் கதை இந்த ஆய்வுக்கு இன்னும் நெருக்கமானது. 1895-இல் இந்தியா வந்து, அடுத்த வருஷம் நம் பக்கம் வந்தவர். தமிழைக் கற்பித்தவர் வாக்கர் ஐயர். பண்ணைவிளையில் இருந்தபோது, இளம் விதவையான பொன்னம்மாள் முதலிய உள்ளூர்ப் பெண்களோடு மாட்டுவண்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். இதில் யார் யாரை ஆயத்தப்படுத்தினார்கள் என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். வெளிநாட்டு அம்மா ஏமிதான். ஆனால் ஒரு வீட்டுத் திண்ணையில் எப்போது உட்காரலாம், எப்போது எழுந்து வந்துவிட வேண்டும் என்பது அந்த ஊர்ப் பெண்களுக்குத்தானே தெரிந்திருக்கும்? 1915-இல் பொன்னம்மாள் புற்றுநோயால் இறந்த பின், ஏமி அம்மா அவரைப் பற்றி ஒரு நூலே எழுதினார். 1931-இல் விழுந்து அடிபட்டதிலிருந்து 1951-இல் இறக்கும் வரை பெரும்பாலும் டோனாவூர் அறைக்குள்ளேயே இருந்த ஏமி அம்மா, அங்கிருந்தே உடன் ஊழியர்களுக்குச் சிறு சிறு கடிதங்கள் எழுதிக்கொண்டே இருந்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டீச்சர் வீட்டிலும் கடிதம்தான் பெரிய விஷயம்.

அன்பு மரியம்மாளையும் சொல்லிவிட வேண்டும். இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான அசரியா பேராயரின் மனைவி. தென்னிந்தியாவில் கல்லூரிப் படிப்பு படித்த தொடக்ககாலக் கிறிஸ்தவப் பெண்களில் ஒருவர். தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லில் கிராம ஊழியர்களுக்குப் பயிற்சி நடந்தபோது அவர்கள் மனைவிமாரையும் சேர்த்துப் பயிற்றுவித்தார்கள். அந்தப் பெண்கள் பொறுப்பு இவரைச் சேர்ந்தது. 1903 பிப்ரவரி 12-இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கத்தின் விழாக்களில் பேராயர் பெயரைப் பத்துத் தடவை சொல்வோம், அம்மா பெயரை ஒரு தடவை சொன்னால் அதிசயம்.

அந்த வீட்டில் என்ன நடந்தது

முதல் வேலை, பெண்ணின் வீட்டுக்குப் போவது. வீட்டுக்குத் தெரியாமல் எவரையும் டீச்சர் சேர்த்துக்கொண்டதில்லை. முன்னறையில் அப்பாவும் பாட்டையாவும் ஊழியத்தின் மகிமையைப் பேசிக்கொண்டிருக்கும்போது, இவர் அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் பேசுவார். உண்மை அங்கேதான் இருக்கும் என்பார். மகளுக்கு எடுத்து வைத்த நகை என்னாகும், மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள், அங்கே ஏதாவது ஆகிவிட்டால் யார் வந்து சொல்வார்கள். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் கிரகாம் ஸ்டெயின்ஸும் அவருடைய இரண்டு பையன்களும் எரித்துக் கொல்லப்பட்டதை எங்கள் பக்கத்துத் தாய்மார் மறக்கவில்லை. “ஒண்ணும் ஆகாது” என்று டீச்சர் ஒருநாளும் வாக்குக் கொடுத்ததில்லை. “ஆனா என்ன செய்யணும்னு சொல்லிக்குடுத்துதான் அனுப்புவேன்” என்பார். அது மட்டும்தான் அவர் கொடுத்த உறுதி.

அடுத்தது கணக்கு. வந்த நாளிலிருந்து ஒவ்வொருவரும் ஒரு நோட்டில் வரவு செலவு எழுத வேண்டும், பஸ் டிக்கெட், ஷாம்பு பாக்கெட் உட்பட. சனிக்கிழமை அவர் சரிபார்ப்பார். இதைப் பற்றிப் புகார் சொல்லாத பெண் இல்லை. ஆனால் ஒருநாள் அவர்களை ஒரு கிராமத்துச் சபைக்குக் கூட்டிக்கொண்டு போய், கைப்பிடி அரிசிக் காணிக்கை சேருவதைக் காட்டுவார். சோறு பொங்கும்போதெல்லாம் உலையில் போடுமுன் ஒரு கைப்பிடி எடுத்துத் தனியே வைத்து, சேர்ந்ததைக் கோவிலுக்குக் கொண்டுவருகிற பெண்கள். சிலர் பீடி சுற்றுகிறவர்கள், சிலர் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள். “உன் சம்பளம் இந்தக் கலயத்துக்குள்ள இருந்து வருது” என்பதோடு பாடம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஷாம்புக் கணக்கு எழுத யாரும் முணுமுணுப்பதில்லை.

உடம்பைப் பற்றியது பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மாவின் பொறுப்பு. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வேண்டும். ஜார்கண்டுக்குப் போகிறவளுக்கு மலேரியாவோடு காலா அசாரும் பாடம்: மணல் ஈ கடித்து வருவது, இரண்டு வாரத்துக்கு மேல் விடாத காய்ச்சல், மண்ணீரல் வீங்குவது. குஜராத்துக்குப் போகிறவளுக்கு, அங்குள்ள பழங்குடி மக்களிடம் காணும் அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை இரத்த நோய். மாதவிடாய், சிறுநீர்த்தொற்று, கழிப்பறை இல்லாத ஊரில் என்ன செய்வது என்பதையெல்லாம் வெளிப்படையாகப் பேசினார்கள். நம் மிஷனெரிக் கூட்டங்களில் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்கிறீர்களா?

சட்டத்துக்கு, சபையைச் சேர்ந்த ஒரு வழக்கறிஞர் தம்பி வருவார். மத சுதந்திரம் பற்றிய அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு என்ன தருகிறது; 1977-இல் ஸ்தனிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், மதத்தைப் பரப்பும் உரிமைக்குள் பிறரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று சொன்னது; ஒடிசாவில் 1967 முதல், மத்தியப் பிரதேசத்தில் 1968 முதல், குஜராத்தில் 2003 முதல், ஜார்கண்டில் 2017 முதல் மதமாற்றத் தடைச் சட்டங்கள் இருக்கின்றன என்பது. மருந்தையோ பள்ளிக்கூடத்தையோ காட்டி ஒருவரையும் சபைக்கு அழைக்கக் கூடாது என்று டீச்சர் கண்டிப்பாகச் சொன்னார். சட்டம் இருப்பதால் மட்டும் அல்ல, அது அந்த மனுஷரைச் சிறுமைப்படுத்துவது என்பதால். 2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டமும் பாடத்தில் உண்டு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். மிஷனெரி ஸ்தாபனமும் பணியிடம்தான். “ஊழியத்துல இதெல்லாம் வருமா டீச்சர்?” என்று ஒருத்தி கேட்டபோது, “வரலேன்னா நல்லது. வந்தா உனக்குத் தெரிஞ்சிருக்கணும்லா” என்றாராம்.

வேதபாடமும் ஜெபமும் இருந்தன, விடியற்காலையில், ஒழுங்காக. அதைப் பற்றிக் கடிதங்களில் அதிகம் இல்லை. மூச்சு விடுவதைப் பற்றி யார் எழுதுவார்கள்?

கடிதம்

பணித்தளத்துக்குப் போன பிறகு ஒவ்வொருவரும் மாதம் ஒரு கடிதம் எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. மிஷனெரிகள் ஏற்கெனவே மாதந்தோறும் ஜெபக் கடிதம் எழுதுகிறவர்கள்தான். காணிக்கை கொடுத்துத் தாங்குகிறவர்களுக்குப் போகிற கடிதம் அது; அதற்கென்று ஒரு நடை உண்டு. கூடிவந்த ஜனங்கள், கர்த்தர் செய்த அற்புதம், கட்டப்பட வேண்டிய கூரை, கடைசியில் ஜெபக்குறிப்புகள். காணிக்கை தருகிறவர்கள் நல்ல செய்தி கேட்க ஆசைப்படுவார்கள், எழுதுகிறவர்களும் அதற்குத் தக்கபடி எழுதிப் பழகிவிடுவார்கள். யாரையும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அந்தக் கடிதத்துக்கு வேலை அப்படி.

டீச்சர் கேட்டது வேறு. “பத்திரிகைக்கு எழுதுற மாதிரி எனக்கு எழுதாதட்டி” என்பார். என்ன சாப்பிட்டாய், எப்போது அழுதாய், யாரோடு சண்டை, மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, கையில் எவ்வளவு இருக்கிறது, கடைசியாக எதற்குச் சிரித்தாய். அற்புதங்களைப் பற்றி எழுதினால், “ஸ்தோத்திரம். நீ எப்படி இருக்க?” என்று ஒரு வரியில் பதில் வரும். வந்த கடிதங்களை அவர் யாருக்கும் காட்டியதில்லை, ஐயருக்கும் காட்டியதில்லை, சங்கத்துக்கும் காட்டியதில்லை. எங்களுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது. மிஷனெரி ஞாயிறுக்கு வாசிக்கக் கேட்டால் கொடுக்க மாட்டார்.

இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தக் கடிதப் போக்குவரத்துதான். ஒரு பெண்ணுக்கு உண்மையை எழுத ஓர் இடம் இருந்தால், மற்ற இடங்களில் மிகைப்படுத்தி எழுத வேண்டிய நெருக்கடி குறைகிறது. இரண்டு பேர் தங்கள் கடிதத்தில் இதையே அவரவர் மொழியில் சொல்லியிருக்கிறார்கள். இப்போது செல்போன் இருக்கிறதே, கடிதம் எதற்கு என்று நானே கேட்டேன். “போன்ல ‘நல்லாருக்கேன்’னு சொல்லிட்டு வச்சிருவாளுக” என்றார் டீச்சர். காகிதத்தில் எழுத உட்கார்ந்தால் இரண்டாவது பக்கத்தில் உள்ளது வெளியே வந்துவிடுமாம்.

மூன்று பேர்

சுரண்டைப் பெண் ஜார்கண்டில் சந்தால் பர்கனா பகுதிக்குப் போனவள். அங்கே மால்தோ பேசும் பஹாடியா மக்களிடையே வேலை. மால்தோ திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ராஜ்மகால் மலையில் நம் மொழிக்கு உறவான ஒரு மொழி உண்டு என்று இடையன்குடியிலிருந்த கால்டுவெல் ஐயர் தம் ஒப்பிலக்கணத்தில் எழுதியிருப்பதைச் சொல்லித்தான் டீச்சர் அவளுடைய பயத்தைப் போக்கினாராம். மொழி அவளுக்குச் சீக்கிரம் வந்தது. காய்ச்சலும் சீக்கிரம் வந்தது. உடனிருந்தவர்கள் மலேரியா என்று மாத்திரை கொடுத்து, உபவாச ஜெபத்துக்கும் ஏற்பாடு செய்தார்கள். இரண்டு வாரம் தாண்டியும் விடவில்லை. நர்ஸ் அம்மா சொன்னது நினைவுக்கு வர, தானே கிளம்பி அரசு மருத்துவமனைக்குப் போய், காலா அசார் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேட்டாள். அதுதான். மருந்து அரசாங்கமே இலவசமாகக் கொடுத்தது, பிழைத்தாள். “ஜெபத்தை நிறுத்தச் சொல்லல, நானும் ஜெபிச்சுக்கிட்டுதான் பஸ் ஏறினேன்” என்று எழுதியிருக்கிறாள். பிறகு அந்த மலைக்கிராமங்களில் விடாத காய்ச்சல் என்று கேட்டால் முதலில் பரிசோதனைக்கு அழைத்துப் போவது அவளுடைய வேலையாகிவிட்டது. அந்த நன்றியில் பாதி நர்ஸ் அம்மாவுக்குச் சேர வேண்டும். கூட்டத்துக்கு அவரை அழைக்க வேண்டும் என்று சங்கத்தில் யாருக்கும் தோன்றவில்லை, கடிதம் வந்த பிறகுதான் அழைத்தோம்.

சாயர்புரத்துப் பெண்ணின் கதை வேறு மாதிரி. கன்வென்ஷன் கூட்டத்தில் கை உயர்த்தி அர்ப்பணித்தவள். நன்றாகப் பாடுவாள், நன்றாகப் பேசுவாள். எந்த ஸ்தாபனமும் உடனே சேர்த்துக்கொண்டிருக்கும். நிச்சயம் செய்த கல்யாணம் வரதட்சணைப் பேச்சில் நின்றுபோய்ச் சில மாதங்களே ஆகியிருந்தன. டீச்சர் கேட்ட கேள்வி: “நீ அங்க போகப் போறியா, இங்கருந்து ஓடப் போறியா?” ஒரு வருஷம் கழித்து வா, அதுவரை வேலைக்குப் போ, அம்மாவோடு இரு, சபையில் ஞாயிறு பள்ளி எடு என்று அனுப்பிவிட்டார். அவளுக்குக் கோபமான கோபம். அவள் அப்பாவுக்கும் கோபம், ஐயர்கூட டீச்சரிடம் வந்து ‘அழைப்பைத் தடுக்கலாமா’ என்று கேட்டார். டீச்சர் அசையவில்லை. அழைப்பு உண்மையானால் ஒரு வருஷத்தில் ஆறிப்போகாது என்பது அவர் கணக்கு.

ஒரு வருஷம் கழித்து அவள் திரும்பி வந்தாள். இப்போது குஜராத்தில் டாங்ஸ் மாவட்டத்தில் பெண்பிள்ளைகள் விடுதி ஒன்றைப் பார்த்துக்கொள்கிறாள். கடிதத்தில் இந்த வரியை நான் இரண்டு தடவை படித்தேன்: “அன்னைக்கு நான் போயிருந்தா, அந்தப் பையனுக்குக் காட்டுறதுக்காகத்தான் ஊழியம் செஞ்சிருப்பேன்.” வந்தவற்றில் மிக உறுதியான நன்றி இதுதான் என்பது என் அபிப்பிராயம். தடுத்ததற்காக ஒருவருக்கு நன்றி சொல்ல, தடுக்கப்பட்டவள் அந்த நாளைத் தாண்டி வந்திருக்க வேண்டும்.

மூன்றாவது பெண் ராதாபுரம் பக்கம். இரண்டாம் வருஷமே திரும்பி வந்துவிட்டாள். மேலே இருந்தவரோடு ஒத்துப்போகவில்லை. கேட்டதற்கெல்லாம் ‘சரி’ சொல்லிச் சொல்லி உடம்பும் மனசும் விட்டுப்போயிற்று. என்ன நடந்தது என்று முழுவதும் எழுத அவள் விரும்பவில்லை, நானும் கேட்கவில்லை. அவள் டீச்சருக்கு எழுதிய மாதாந்தரக் கடிதங்கள் சுருங்கிச் சுருங்கி ஒரு மாதம் இரண்டு வரி மட்டும் வந்தபோதே, டீச்சர் பதிலோடு ரயில் டிக்கெட்டுக்குப் பணமும் அனுப்பிவிட்டாராம்: “வரணும்னா வா. இருக்கணும்னா வேற எதுக்காவது வச்சுக்க.”

ஒரு பெண்ணை அனுப்பும்போது நாம் என்னவெல்லாம் செய்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். அனுப்புதல் ஆராதனை, சால்வை, ஃபிளெக்ஸ், ஜங்ஷனில் நெல்லை எக்ஸ்பிரஸ் கிளம்பும்வரை பாட்டு. திரும்பி வருகிறவளுக்கு ஒன்றுமில்லை. ‘ஏன் வந்துட்டா?’ என்ற பேச்சு அவளுக்கு முன்னால் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். கலப்பையில் கை வைத்துப் பின்னிட்டுப் பார்க்கிறவன் தேவனுடைய ராஜ்யத்துக்குத் தகுதியில்லாதவன் என்ற வசனத்தை அவள் காதுபடச் சொல்ல ஓர் ஆள் எப்போதும் தயாராக இருப்பார். இவளை டீச்சரே ஸ்டேஷனுக்குப் போய் அழைத்துவந்து, சொந்த ஊருக்கு உடனே அனுப்பாமல் தன் வீட்டில் வைத்துக்கொண்டார். சாட்சி சொல்லச் சொல்லவில்லை, விசாரிக்கவில்லை. சமையல் செய்யச் சொன்னார், தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். சபையார் கேட்டால், “லீவுல வந்திருக்கா” என்பார். பொய்தான் என்று அவரே பிறகு சிரித்துக்கொண்டு சொன்னார். ஒரு பெந்தெகொஸ்தே ஞாயிறுக்கு அவளாகவே கோவிலுக்குக் கிளம்பினாள். இன்று ஒரு பள்ளியில் ஆசிரியை. ஊழியத்தை விட்டுவிட்டாள் என்று அவள் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. மூன்று பேரில் நீளமான கடிதம் இவளுடையது.

சங்கம் எடுத்த முடிவு

இந்த முறையைப் பெரிதாக்கலாமா என்று கூட்டத்துக்குப் பிறகு பேச்சு வந்தது. ஒரு பயிற்சி மையம், பாடத்திட்டம், கட்டடத்துக்குக் காணிக்கை. எனக்கு அதில் சம்மதமில்லை. டீச்சர் ஒரு சமயத்தில் இரண்டு மூன்று பேருக்கு மேல் வைத்துக்கொண்டதில்லை. அதனால்தான் கடிதம் சுருங்குவது அவர் கண்ணில் பட்டது. கட்டடம் வந்தால் முதலில் இருபது பேரைச் சேர்ப்போம், அப்புறம் இருபது கடிதத்தை யார் படிப்பது?

குறையும் சொல்ல வேண்டும். எல்லாம் ஒரே ஆளின் தெம்பிலும் ஓய்வூதியத்திலும் ஓடியது. ஸ்தாபனங்களுக்கு அவர் எழுதிய எச்சரிக்கைகளுக்குச் சில இடங்களில் பதிலே வரவில்லை; வெளியிலிருக்கும் ஒரு டீச்சரம்மாவுக்கு ஏன் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கலாம். அவர் கையில் அதிகாரம் எதுவும் இருந்ததில்லை. சாதி விஷயத்திலும் எல்லாம் சரியாக இருந்தது என்று எழுத மாட்டேன். அந்த வீட்டில் எல்லாரும் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு போன சில வீடுகளில் தண்ணீர் வந்த டம்ளர் ஒரே மாதிரி இருக்கவில்லை. டீச்சர் அந்த வீடுகளுக்குப் போவதை நிறுத்தினார், அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

இப்போது முடிவானது இது. சாயர்புரத்துப் பெண்ணும் ராதாபுரத்துப் பெண்ணும் ஆளுக்கு இரண்டு பேருக்குக் கடிதம் எழுதும் பொறுப்பை ஏற்றிருக்கிறார்கள். டீச்சரும் சென்னையிலிருந்து எழுதுவார், கண் தெரிகிறவரைக்கும். நர்ஸ் அம்மா தம் பாடத்தை எங்கள் சங்க அறையில் நடத்தச் சம்மதித்திருக்கிறார். திரும்பி வருகிற பெண்ணுக்கு மூன்று மாதம் தங்க ஓர் அறையும் சாப்பாட்டுச் செலவும் சேகரம் தர வேண்டும் என்று நான் தீர்மானம் கொண்டுவந்தேன். அறைக்கு ஒப்புக்கொண்டார்கள். செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கேள்வி வந்தது; ‘வேலையில் இல்லாதவளுக்கு மிஷனெரி நிதியில் எப்படி எழுதுவது’ என்றார் ஒருவர். பொருளாளர் அரைமணி நேரம் நோட்டைப் புரட்டிவிட்டு, ‘மிஷனெரி தாங்குதல்’ என்ற தலைப்பிலேயே எழுதிக்கொண்டார். அடுத்த கமிட்டியில் இதை மறுபடி எடுப்பார்கள்.